சிவப்புச் சிலிக்கோன் அடைத்த துளை

பங்குனி கடைசியில், குளிர் கொஞ்சம் விட்டதும், என் பிஎம்டபிள்யூ கே75-ஐ நிலக்கீழ் கராச்சிலிருந்து வெளியே தள்ளினேன். ஐப்பசி நடுவில் துணி போர்த்து மூடிவைத்த மோட்டார் சைக்கிள். அக்காவின் மகன் உதவிக்கு வந்திருந்தான். பதினேழு வயது, இங்கே ஜேர்மனியில், டோட்முண்டில் பிறந்தவன். லைசன்ஸ் எடுத்ததும் இதை என்னிடம் எப்படியும் கேட்டு வாங்கிவிடலாம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறான்.

குனிந்து, எஞ்சினில் ஒயில் மட்டம் பார்க்கிற வட்டக் கண்ணாடியைப் பார்த்தவன், "மாமா, இதுக்குள்ள ஆரோ பால் தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கினம்" என்றான்.

நானும் முழங்காலில் இருந்து பார்த்தேன். அவன் சொன்னது சரி. தேன் நிறத்தில் தெளிவாக நிற்கவேண்டிய ஒயில், ரின்பால் கூடின தேத்தண்ணி நிறத்தில் நின்றது.

குளிர்காலத்தில் கடைக்கும் வேலைக்கும் ஐந்து நிமிட ஓட்டம் ஓடி நிறுத்துகிற எஞ்சின்களில் இந்தக் கண்ணாடியில் வெள்ளை நுரை வருவது சாதாரணம். எஞ்சின் முழுச் சூடு ஏறாமல் நின்றால் உள்ளே வியர்க்கும், அந்த ஈரம் ஒயிலோடு சேரும். ஒரு நீள ஓட்டம் ஓடினால் காய்ந்துவிடும். அதைக் கண்டு பயந்து எஞ்சினைப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த நுரை கண்ணாடியின் மேல் விளிம்பில்தான் ஒட்டியிருக்கும். இங்கே வட்டம் முழுக்க ஒரே நிறம். அதோடு, இதை நான் போன புரட்டாதியில் வாங்கினதிலிருந்து குறுகிய ஓட்டம் என்று ஒன்றும் ஓடவில்லை.

மருமகன் சாவியைப் போட்டு ஸ்ராட் பண்ணப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். ஐந்து மாதம் அசையாமல் நின்ற எஞ்சின். தண்ணீர் ஒயிலைவிடப் பாரம் கூடியது. கலக்காமல் மிஞ்சியது ஏதும் இருந்தால் அடியில் போய்ப் படிந்து நிற்கும். ஒருதரம் ஸ்ராட் பண்ணினால் எல்லாம் அடிபட்டுக் கலந்துவிடும், பிறகு எதுவும் கண்டுபிடிக்க ஏலாது. பெயரிங்குகளுக்கும் கேடு.

ஒரு ஜாம் போத்தலை அடியில் பிடித்துக்கொண்டு ஒயில் வடிக்கிற போல்ற்றை மெல்ல மெல்லத் தளர்த்தினேன். கடைசிப் புரிக்கு முன்னமே பச்சையாக ஒரு நூல் இறங்கியது. போத்தலில் இரண்டு விரல் உயரத்துக்குப் பச்சைத் தண்ணீர், அதுக்குப் பிறகுதான் அந்தப் பால் ஒயில். பச்சை நிறம் என்றால் வியர்வை இல்லை. கூலன்ற், எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர். பக்க மூடியைக் கழற்றிக் கூலன்ற் தாங்கியைப் பார்த்தால், ஆகக் குறைந்த கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. போனது எங்கே என்று இனிக் கேட்கத் தேவையில்லை. எந்த வழியால் போனது என்பதுதான் கேள்வி.

வழி இரண்டுதான். ஒன்று சிலிண்டர் தலை காஸ்கட், சிலிண்டரும் அதன் தலையும் சேருகிற இடத்தில் ஒழுகாமல் வைக்கிற தகடு. மற்றது பம்ப்.

தலை காஸ்கட் என்றால் பெரிய வேலை. அதனால் முதலில் அதையே பார்த்தேன். மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாகக் கடதாசியில் வைத்தேன். கூலன்ற் ஒரு சிலிண்டருக்குள் போயிருந்தால் அந்தப் பிளக் மட்டும் கழுவித் துடைத்த மாதிரி வெள்ளையாக இருக்கும். மூன்றும் ஒரே மண்ணிறம், ஒரே வரட்சி. இது காஸ்கட் முழுக்க நல்லது என்பதற்கு அத்தாட்சி இல்லை, ஆனால் பாரத்தை மறுபக்கம் சாய்க்கப் போதும்.

பம்ப் என்றால் எனக்கு ஒரு விஷயம் பொருந்தவில்லை. கே75-இன் பம்ப் பழுதானால் நிலத்தில் சொட்டும். நான் வாங்கின நாளிலிருந்து நிலத்தில் ஒரு சொட்டுக்கூடக் கண்டதில்லை. "முப்பது வருசம் தாண்டின மோட்டார் சைக்கிள், இவ்வளவு சுத்தமா?" என்று சந்தோசப்பட்டு வாங்கினதே அதனால்தான்.

இந்தப் பம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிஎம்டபிள்யூ 1983 இல் கே100-ஐக் கொண்டுவந்தது. நாலு சிலிண்டர், படுக்கவைத்த எஞ்சின், தண்ணீரால் குளிர்விப்பது. இரண்டு வருடம் கழித்து ஒரு சிலிண்டரைக் குறைத்துக் கே75-ஐச் செய்தார்கள். 740 சிசி, 75 குதிரைவலு. 1996 வரை வந்தது. என்னுடையது 1991 இல் பேர்லின் ஸ்பான்டவ் தொழிற்சாலையில் செய்தது. எஞ்சின் இடப்பக்கம் சரிந்து படுத்திருக்கும். சிலிண்டர் தலை இடது காலடியில், கிராங்க் தண்டு வலது காலடியில். கிராங்குக்குக் கீழே, அதற்கு எதிர்த் திசையில் சுற்றுகிற இன்னொரு தண்டு இருக்கிறது. அதன் பின்முனை கிளட்ச்சுக்குப் போகிறது. முன்முனை பம்பைச் சுழற்றுகிறது.

பம்ப் என்று ஒருமையில்தான் சொல்ல வேண்டும். ஒயிலுக்கும் தண்ணீருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. ஒரே தண்டு, அதன் எஞ்சின் பக்கத்தில் ஒயிலைத் தள்ளும் பல்லுச் சக்கரங்கள், முன் நுனியில் கூலன்றைத் தள்ளும் விசிறி. ஒரு பக்கம் ஒயில், மறு பக்கம் தண்ணீர். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கக்கூடாது, ஆனால் இரண்டின் ஊடாகவும் அந்தத் தண்டு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும்.

இதற்கு இரண்டு சீல். ஒயில் பக்கத்தில் இருப்பது ரப்பர் உதடு வைத்த சாதாரண ஒயில் சீல். தண்ணீர்ப் பக்கத்தில் இருப்பது வேறு சாதி. இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் வைத்து உரசிக்கொண்டிருக்கும். ஒன்று கார்பன், மற்றது அதைவிடக் கடினமானது. ஒன்று நிற்கும், மற்றது தண்டோடு சுழலும், பின்னால் ஒரு ஸ்பிறிங் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு முகங்களும் கண்ணாடி மாதிரி மட்டமாக இருக்கும்வரை தண்ணீர் தாண்டாது.

இரண்டு சீலுக்கும் நடுவில் சின்னதாக ஒரு வெறும் இடம். அந்த இடத்திலிருந்து கீழே வெளியில் ஒரு துளை. அவ்வளவுதான், ஒரு துளை. தண்ணீர்ச் சீல் பழுதானால் அதால் பச்சைத் தண்ணீர் சொட்டும். ஒயில் சீல் பழுதானால் ஒயில் சொட்டும். இரண்டும் போனால் இரண்டும் சொட்டும். எது சொட்டுகிறதோ அதுதான் நோய். மோட்டார் சைக்கிள் வாய் திறந்து சொல்ல இதைவிட நல்ல வழியை எவர் செய்திருக்க முடியும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ரோச் லைட்டும், பல் டொக்டர் வைத்திருக்கிற மாதிரிக் கைபிடி வைத்த சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்தேன். பம்பின் அடிப்பக்கம் கண்ணாடியில் தெரிந்தது. துளை இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பாக ஏதோ. நகத்தால் தொட்டேன், ரப்பர் மாதிரி அமுங்கியது. சூடு தாங்கும் சிவப்புச் சிலிக்கோன். ஒரு கடலையளவு. வடிவாக வழித்து, விளிம்பு தடவி, ஆர அமர இருந்து பூசியிருக்கிறார்கள்.

எவர் செய்தார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு இதை விற்ற கிழவர் தானாகச் செய்யக்கூடியவர் இல்லை. முழங்கால் ஏலாமல் விற்றவர், எல்லாவற்றையும் ஒரு வேலைத்தலத்தில் கொடுத்துத்தான் செய்வித்தார். காசு கொடுத்த மனிதனுக்குச் சொட்டு நின்றுவிட்டது, நிலம் காய்ந்துவிட்டது, திருத்திவிட்டோம் என்று சொல்லியிருப்பார்கள். நான் அன்று முழுக்க ஆத்திரத்தோடு இருந்தேன். பிழை செய்வது வேறு. அடையாளத்தை மூடிவிட்டு அதைத் திருத்தம் என்று விற்பது வேறு.

இந்தத் துளையை நான் கே75-இல் முதன்முதலில் காணவில்லை. யாழ்ப்பாணத்தில், மருதனார்மடத்துக்குக் கிட்ட என் சின்னமாமா, அம்மாவின் தம்பி, ஒரு சின்னக் கராச் வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பொருளாதாரத் தடை. பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காது. எம்டி90 ஹொண்டாவுக்குச் சேலைன் போத்தலிலிருந்து இரண்டு சொட்டுப் பெற்றோல் கொடுத்து ஸ்ராட் பண்ணிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். சின்னமாமாவுக்கு மோட்டார் சைக்கிள் வேலையைவிட, தோட்டக்காரரின் இறைப்பு மிசின் வேலைதான் கூட வந்தது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கிணற்றிலிருந்து இறைக்கிற மிசின். அதுவும் இதே சங்கதிதான். எஞ்சினின் தண்டிலேயே நேராகத் தண்ணீர் விசிறி பூட்டியிருக்கும். இடையில் ஒரு தண்ணீர்ச் சீல், எஞ்சின் பக்கம் ஒரு ஒயில் சீல், நடுவில் வெளியே தெரிகிற ஒரு இடைவெளி.

உரும்பிராய்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மிசினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். எஞ்சின் இறுகிவிட்டது. அந்த இடைவெளி முழுக்கத் தார் அப்பியிருந்தது. தண்ணீர் ஒழுகிச் சிவப்பு மண் சேறாகிறது என்று அவரே காய்ச்சி ஊற்றியிருக்கிறார். சின்னமாமா அடியைத் திறந்தார். ஒயிலுக்குப் பதிலாக வெள்ளைக் கூழ் வந்தது. அவர் அந்த மனிதரை ஏசவில்லை. தாரைச் சுரண்டிக்கொண்டே சொன்னது எனக்கு இன்றைக்கும் கேட்கிறது: "அண்ணை, வெளியால போகட்டும் எண்டுதான் இந்த இடத்தை விட்டவங்கள். நீங்கள் அதை அடைச்சால் அது உள்ளுக்கதானே போகும்."

அதற்குக் காரணத்தையும் அவர்தான் காட்டினார். ஒயில் சீலின் ரப்பர் உதடு ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலை செய்கிற கதவு. ஒயில் இருக்கிற பக்கத்திலிருந்து தள்ளினால் உதடு தண்டோடு இன்னும் இறுகும். முதுகுப் பக்கத்திலிருந்து தள்ளினால் உதடு தூக்கிக் கொடுத்துவிடும். ஆகவே துளையை அடைத்தால், நன்றாக இருக்கிற ஒயில் சீல்கூடத் தண்ணீரை உள்ளே விடும். என் கே75-இல் நடந்தது அதுதான் என்று அந்தக் கண்ணாடித் துண்டில் சிவப்பைக் கண்ட உடனேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரிந்ததை நிரூபிக்க வேண்டும்.

வளைத்த இரும்புக் கம்பியால் சிலிக்கோனைத் தோண்டினேன். உள்ளே விரல்நகம் நீளத்துக்குப் புழு மாதிரி வந்தது. பின்னாலேயே மூன்று சொட்டுப் பச்சை, பிறகு நின்றுவிட்டது. பெற்றோல் தாங்கியைக் கழற்றினால்தான் ரேடியேற்றர் மூடிக்குக் கை எட்டும். அதைக் கழற்றி, கையால் அடிக்கிற அழுத்தப் பம்பைப் பூட்டி ஒரு பார் வரைக்கும் அடித்தேன். பம்ப், குழாய்கள், எஞ்சின் முன்பக்கம் எல்லாம் துடைத்துக் காயவிட்டு, மனுசியின் குட்டிக்கூராப் பவுடரை எடுத்து எல்லா இடமும் தூவினேன். ஒழுக்கு வாற இடம் வேறு, தெரிகிற இடம் வேறு. மேலே ஒரு குழாய்க் கிளிப்பில் கசிந்து வழிந்து பம்பின் அடியில் வந்து சொட்டினால் பம்பைத்தான் குற்றம் சொல்வோம். பவுடர் பொய் சொல்லாது. பத்து நிமிடத்தில் குழாய்கள், மூடி, காஸ்கட் விளிம்பு எல்லாம் வெள்ளையாகவே இருந்தன. துளையிலிருந்து மட்டும் ஒரு பச்சைக் கோடு இறங்கி, கீழே விரித்த கடதாசி மட்டையில் சொட்டியது.

மட்டையை அப்படியே இரவு விட்டேன். காலையில் பச்சை காய்ந்து, விளிம்பில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை வளையம். ஒயில் என்றால் காயாது, மட்டையில் கண்ணாடி மாதிரி ஊறிப் பரவும். அப்படி ஒன்றும் இல்லை. தண்ணீர்ச் சீல் போய்விட்டது, எஞ்சின் நிற்கும்போது ஒயில் கசியவில்லை.

கூலன்ற் சொட்டின இடத்தை உடனே கழுவுங்கோ. அது இனிக்கும், அதோடு நஞ்சு. எங்கள் கட்டிடத்தில் இரண்டு பூனைகள் கராச்சுக்குள் திரிகின்றன.

மருமகன் கைபேசியில் பாவித்த பம்ப் ஒன்றைத் தேடி எடுத்திருந்தான். "முழுசா மாத்தினால் ஒரு நாளில முடிஞ்சிடும் மாமா." நான் கேட்டேன்: "அந்தப் பம்புக்கு எத்தினை வயசு?" அவன் பார்த்தான். 1989. "அதின்ர சீலுக்கும் அதே வயசு. எங்கட பழைய சீலைக் கழட்டிப்போட்டு ஆற்றையோ பழைய சீலைப் பூட்டப் போறமோ?" அவன் ஒன்றும் சொல்லவில்லை. சீல் இரண்டும், பம்ப் மூடியின் காஸ்கட்டும், வாசர்களும் ஓடர் பண்ணினோம். ஒயில் சீல் நல்லது என்றாலும் அத்தனை தூரம் கழற்றினபிறகு பழசைத் திரும்பப் பூட்டுவது மடைமை.

கழற்றுவது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். கூலன்றை வடித்தோம், ரேடியேற்றரை இறக்கினோம். இறக்காமலும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு விரல்கள் பெரிது, இடம் வேண்டும். பம்பைப் பிடித்திருக்கும் போல்ற்றுகளின் நீளம் ஒன்றல்ல. நீளமானதைக் குட்டையான இடத்தில் பூட்டினால் அலுமினியத்தின் புரி போய்விடும். ஒரு மட்டையில் பம்பின் உருவத்தைக் கீறி, போல்ற் இருக்கிற இடத்தில் குத்தி, கழற்றக் கழற்ற அந்தந்த ஓட்டையில் செருகி வைக்கச் சொன்னேன். இது சின்னமாமாவின் வழக்கம். அவர் ஷெல்லடிக்குப் பயந்து கராச்சைப் பூட்டிவிட்டு ஓடவேண்டி வந்தாலும், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காக அப்படி வைப்பார்.

பம்ப் கைக்கு வந்ததும் முதலில் ஒயில் பக்கத்தைப் பார்த்தேன். பல்லுச் சக்கரங்களில் கீறல் இல்லை, அவை சுழலுகிற குழியின் சுவரும் வழுவழுப்பாக இருந்தது. எனக்கு நெஞ்சில் பாதிப் பாரம் இறங்கியது. தண்ணீர் கலந்த ஒயிலில் கனதூரம் ஓடியிருந்தால் அந்தச் சுவரில் வளையம் வளையமாகத் தெரியும். பிறகு விசிறியை இழுகருவி போட்டு இழுத்தோம். சுத்தியலால் தட்டி எடுக்கக்கூடாது. தட்டின அடி தண்டுக்குப் போகும், தண்டு ஒரு மயிரிழை வளைந்தாலும் புதுச் சீல் ஒரு மாதம் தாங்காது.

பழைய தண்ணீர்ச் சீலின் கார்பன் முகத்தை மருமகனின் உள்ளங்கையில் வைத்து, யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்க்கச் சொன்னேன். பளபளப்பான வளையம். அதில் ஒரு இடத்தில், கடிகாரத்தில் நாலு மணி இருக்கிற இடத்தில், உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரைக்கும் ஒரு கீறல். தலைமயிர் அகலம்கூட இல்லை. நகத்தை ஓட்டினால் "டிக்" என்று ஒரு சின்னத் தடக்கு. "இவ்வளவுதானோ?" என்றான். இவ்வளவுதான். அந்தக் கீறலால் ஐந்து மாதத்தில் ஒரு ஜாம் போத்தலில் இரண்டு விரல் உயரம்.

கீறல் எதனால் வந்தது என்பதும் பம்ப் மூடியின் உள்பக்கத்தில் எழுதியிருந்தது. சாம்பல் நிறத்தில் கரடுமுரடான படிவு. கெற்றிலுக்குள் படிகிற மாதிரிச் சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. எவரோ கூலன்றோடு குழாய்த் தண்ணீரைக் கலந்து விட்டிருக்கிறார்கள். அந்தப் படிவிலிருந்து உதிர்ந்த ஒரு மணல் துணிக்கை அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவில் போனால் போதும். கூலன்றுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான், பாதிக்குப் பாதி. இதில் மட்டும் நான் எவரோடும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய சீல்கள் கூட்டில் இறுகியிருந்தன. பம்பின் கூட்டை நன்றாகக் கழுவி, மனுசியிடம் கேட்டு, குசினிப் போறணையில் 110 பாகையில் இருபது நிமிடம் வைத்தேன். அலுமினியம் சூட்டில் விரியும், சீல்கள் குறட்டுக்கு இடம் கொடுத்து வந்துவிட்டன. புதுச் சீல்கள் இரவு முழுக்க ஃபிறிசருக்குள், வெண்டிக்காய்ப் பைக்கும் மீன் பைக்கும் நடுவில்.

தண்டில் ஒயில் சீலின் உதடு உரசின இடத்தில் ஒரு கோடு இருந்தது. இங்கே ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும். நகம் தடக்கி நின்றால் தண்டை மாற்றவேண்டியதுதான், எத்தனை புதுச் சீல் போட்டாலும் அந்தப் பள்ளத்தால் ஒயில் வரும். என்னுடையதில் கண்ணுக்குத் தெரிந்தது, நகத்துக்குத் தெரியவில்லை. ஆக நைசான எமரிக் கடதாசியில் ஒயில் தடவி, தண்டைச் சுற்றி மட்டும், நீளப்பாட்டுக்கு ஒருபோதும் இழுக்காமல் மினுக்கினேன். புதுச் சீலைப் பழையதைவிட ஒரு மில்லிமீற்றர் ஆழமாக இறக்கினேன், உதடு பழைய கோட்டில் உட்காராமல் புது இடத்தில் உட்காரும்.

தண்ணீர்ச் சீலின் முகங்களை விரலால் தொடக்கூடாது. விரலின் பிசுக்கு அங்கே வேண்டாம். அதன் ரப்பர் தண்டில் இறங்க ஒயில் பூசவும் கூடாது, ஒரு சொட்டுக் கூலன்ற் போதும். சரியான அளவுச் சொக்கற்றை அதன் விளிம்பில் மட்டும் வைத்து, நேராக, ஒரே மூச்சில் அழுத்தினேன். மருமகன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். இறங்கினதும் தண்டை விரலால் சுற்றினேன். பட்டுத் துணியில் விரல் ஓட்டின மாதிரி ஒரு இறுக்கம்.

பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் காஸ்கட் இல்லை, பசைதான். அதை நூல் மாதிரி மெல்லிசாகப் பூச வேண்டும். கூடப் பூசினால் பிதுங்கி ஒயில் போகிற வாய்க்குள் போகும். அதே சிலிக்கோன் குணம்தானே, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால் மருந்து. பூட்டுமுன் பல்லுச் சக்கரங்களுக்கு நடுவில் வழிய வழிய ஒயில் ஊற்றினேன். இறைப்பு மிசினுக்கு வாளியால் தண்ணீர் விட்டுத்தானே இறைப்போம், வெறும் பம்ப் காற்றைத்தான் பிடிக்கும். ஆறு மில்லிமீற்றர் போல்ற்றுகள் எல்லாம் 8 நியூற்றன் மீற்றரில் நிறுத்தினேன். கை பலம் காட்டுகிற இடம் இது அல்ல.

பிறகு கழுவும் வேலை. எஞ்சினுக்கு அடியில் சின்ன மூடிக்குள் இருக்கும் ஒயில் வடிகட்டியை மாற்றி, மலிவான ஒயில் விட்டோம். கே75-இல் கிளட்ச் உலர்ந்த கிளட்ச், கியர்பெட்டிக்குத் தனி ஒயில். அதனால் பால் எஞ்சினோடு நின்றுவிட்டது. இந்த அமைப்புக்கு நான் நன்றி சொல்கிறேன். பெற்றோல் பம்பின் ஃபியூசைக் கழற்றி, பிளக்குகள் இல்லாமல் ஸ்ராட்டரை மட்டும் சுற்றினோம். ஒயில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஐந்து செக்கன், நிறுத்தி ஆறவிட்டு இன்னொரு ஐந்து செக்கன். மூன்றாம் தரம் அணைந்தது. மருமகன் கத்தின கத்தலில் கராச்சுக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மா என்ன நடந்தது என்று கேட்டார். "எஞ்சினுக்கு ஒயில் போகுது" என்று டொச்சில் சொன்னான். அவர் அதைப் பெரிய நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டு வாழ்த்திவிட்டுப் போனார்.

எஞ்சின் ஸ்ராட் ஆனதும் பின்னால் வெள்ளைப் புகை. மருமகனின் முகம் செத்துப்போனது. இது வேறு கதை. பக்கத்து ஸ்ராண்டில் நிறுத்தினால் கே75 இடப்பக்கம் சாயும், படுத்திருக்கிற சிலிண்டர்களுக்குள் கொஞ்சம் ஒயில் இறங்கும். முதல் நாள் நான்தான் அப்படி நிறுத்தினேன். கிட்டப் போய் மணந்து பார்க்கச் சொன்னேன். எரிந்த ஒயில் மணம், இனிப்பு மணம் இல்லை. இரண்டு நிமிடத்தில் புகை போய்விட்டது. 103 பாகையில் ரேடியேற்றர் விசிறி தானாகச் சுழன்றது. பத்து நிமிடம் ஓட்டி வடித்தோம், வந்த ஒயில் இன்னும் கொஞ்சம் மங்கல். திரும்ப மலிவான ஒயில், திரும்ப வடிப்பு. மூன்றாம் தரம் புது வடிகட்டியோடு நல்ல ஒயில், மூன்றரை லீற்றருக்குச் சற்றுக் கூட. பழைய ஒயிலை வாங்கின கடையே பற்றுச்சீட்டைப் பார்த்துத் திருப்பி எடுக்கவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். கூலன்றை மாநகரசபையின் சேகரிப்பிடத்தில் கொடுத்தேன்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரீட்சை ஓட்டம். அக்கா அம்மனுக்குப் பூ கொடுத்துவிட்டார். ஏ2 நெடுஞ்சாலையால் ஹம் ஊன்ரொப் காமாட்சி அம்பாள் கோயில், நாற்பது கிலோமீற்றர் சொச்சம். மருமகன் பின்னால் இருந்தான். வேகம் நூறைத் தாண்டினதும் அந்த மூன்று சிலிண்டரின் சத்தம் ஒரு இழையாகிவிடும், தறி ஓடுகிற மாதிரி. ஒயில் விளக்கு அணைந்தே இருந்தது. 2002 இல் குடமுழுக்குச் செய்த கோயில், தொழிற்பேட்டைகளுக்கு நடுவில் கோபுரம் தெரியும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கணம் எங்கே நிற்கிறேன் என்று பிடிபடாது.

தரிப்பிடத்தில் நடு ஸ்ராண்டில் ஏற்றி நிறுத்தினேன். மருமகன் பெட்டிக்குள்ளிருந்து கடதாசி மட்டையை எடுத்துப் பம்புக்கு நேர்கீழே விரித்தான், நான் சொல்லவில்லை. பூசை முடிந்து, அன்னதானம் முடிந்து வர மூன்று மணித்தியாலம். மட்டை காய்ந்து கிடந்தது. அவன் பேனையை எடுத்து அதில் திகதியும் கிலோமீற்றர் கணக்கும் எழுதினான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பல்லுக் குச்சியை எடுத்து, குனிந்து, துளைக்குள் மெல்ல விட்டு இழுத்து, நுனியைப் பார்த்தான்.

"காய்ஞ்சிருக்கு மாமா. திறந்தும் இருக்கு."